டிரிகரில் விரல் வைக்கும் முன்...

துப்பாக்கி சுடும் விளையாட்டுக்குள் ஒரு புதியவரை எப்படி அழைத்துச் செல்வது?

8 சென்டிமீட்டர் சதுரத்தில் ஓர் அட்டை. நடுவில் 30.5 மில்லிமீட்டர் குறுக்களவில் ஒரு கறுப்பு வட்டம். அந்தக் கறுப்பின் மையத்தில், கடுகில் பாதிகூட இல்லாத ஒரு வெள்ளைப் புள்ளி. அதன் அளவு அரை மில்லிமீட்டர்.

பத்து மீட்டர் தள்ளி நின்று, கையில் ஏந்திய ஏர் ரைஃபிளால் அந்தப் புள்ளியைத் தொட்டால் 10 பாயின்ட். நிற்கும் இடத்திலிருந்து புள்ளி கண்ணுக்கே தெரியாது. கண்ணுக்குத் தெரியாத அந்த இடத்தை நோக்கி 75 நிமிடத்துக்குள் 60 முறை சுட வேண்டும். ஒலிம்பிக்கில் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் தகுதிச் சுற்று என்பது இதுதான்.

2008 ஆகஸ்ட் 11, பெய்ஜிங். இறுதிச் சுற்றில் ஒரே ஒரு ஷாட் பாக்கி. அபினவ் பிந்த்ராவும் பின்லாந்தின் ஹென்றி ஹக்கினனும் சமநிலையில் நிற்கிறார்கள். ஹக்கினன் சுட்டது 9.7. பிந்த்ரா சுட்டது 10.8. தசமக் கணக்கில் ஒரு ஷாட்டில் எடுக்கக்கூடிய அதிகபட்சமே 10.9தான். தனிநபர் போட்டியில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் தங்கம் அது. 2012 லண்டனில் விஜய் குமாரும் ககன் நாரங்கும் பதக்கம் வென்றார்கள். 2024 பாரிஸில் இந்தியா வென்ற ஆறு பதக்கங்களில் மூன்று துப்பாக்கி சுடுதலில் வந்தவை. மனு பாக்கர் தனியாக ஒன்று, சரப்ஜோத் சிங்குடன் சேர்ந்து ஒன்று, ஸ்வப்னில் குசாலே ஒன்று.

பதக்கச் செய்தி வந்த மறுவாரமே பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பெற்றோர் ரைஃபிள் கிளப் வாசலுக்கு வந்துவிடுகிறார்கள். லைசென்ஸ் வேண்டுமா, எவ்வளவு செலவாகும், ஆபத்தில்லையா என்று கேட்கிறார்கள். மூன்றும் கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் அவற்றைவிட முக்கியமான ஒன்றை யாரும் கேட்பதில்லை. முதல் நாள் எப்படி இருக்கும்? என் அனுபவத்தில், புதிதாக வருபவர் இந்த விளையாட்டில் நிலைப்பதும், பயந்து ஓடிவிடுவதும், தப்பான பழக்கத்தோடு வளர்வதும் பெரும்பாலும் அந்த முதல் ஒரு மணி நேரத்தில் முடிவாகிவிடுகிறது.

நம்மில் பலர் முதன்முதலில் துப்பாக்கியைத் தொட்டது மெரினா மணலில். பலகையில் வரிசையாகப் பலூன் கட்டி, பத்து ரூபாய்க்கு இத்தனை குண்டு என்று கொடுப்பார்கள். ஊர்த் திருவிழாவிலும் தீவுத்திடல் பொருட்காட்சியிலும் இதே கடை உண்டு. பலூன் வெடித்தால் கைதட்டல், வெடிக்காவிட்டால் சிரிப்பு. அந்தச் சந்தோஷத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் துப்பாக்கியின் வாய் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று அங்கே யாரும் சொல்லித்தருவதில்லை. அடுத்த ஆளிடம் கைமாற்றும்போது அது கூட்டத்தின் பக்கம் திரும்புவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம்.

சுற்றுலாவில் சுடுபவர்கள் இன்னொரு வகை. பட்டாயாவிலும் வியட்நாமின் கூ சி சுரங்கப் பகுதியிலும் சுற்றுலாப் பயணிகளுக்கென்றே சுடுதளங்கள் இருக்கின்றன. வாழ்க்கையில் துப்பாக்கியே பிடிக்காதவர் கையில் பெரிய கைத்துப்பாக்கியையோ ஏ.கே.-47ஐயோ கொடுக்கிறார்கள். தோளில் இடி இறங்குகிறது, காது அடைக்கிறது, நண்பர் வீடியோ எடுக்கிறார். திரும்பி வந்தவர் மனதில் தங்குவது சத்தமும் அதிர்ச்சியும்தான். புதியவருக்குப் பெரிய துப்பாக்கியைக் கொடுத்து அவர் திடுக்கிடுவதை ரசிப்பது, நீச்சல் தெரியாதவரைக் கிணற்றில் தள்ளிவிடுகிற அதே குரூரம். அதற்குப் பிறகு எதைச் சுட்டாலும் சுடும் கணத்தில் கண் தானாக மூடிக்கொள்ளும். அந்தப் பழக்கத்தை உதறப் பயிற்சியாளர் மாதக்கணக்கில் போராட வேண்டியிருக்கும்.

ஏன் ஏர் கன்?

ஆகவே ஆரம்பம் ஏர் ரைஃபிள் அல்லது ஏர் பிஸ்டல்தான். இதில் வெடிமருந்து கிடையாது. அழுத்தப்பட்ட காற்று, 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டு ஒன்றைத் தள்ளுகிறது. இதைப் பெல்லட் என்பார்கள். சத்தம் குறைவு; தோளில் உதை ஏறக்குறைய இல்லை. அறைக்குள்ளேயே சுடலாம் என்பதால் வெயில், மழை, காற்று தொல்லையும் இல்லை.

சட்டமும் இங்கே புதியவர் பக்கம் இருக்கிறது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் வந்த 2016 விதிகளின்படி, 4.5 மில்லிமீட்டருக்கு மேற்படாத, 20 ஜூல் ஆற்றலுக்கு உட்பட்ட ஏர் கன்னுக்கு லைசென்ஸ் தேவையில்லை. போட்டிக்குப் பயன்படும் ஏர் ரைஃபிளின் ஆற்றல் அந்த வரம்பில் பாதியைக்கூடத் தொடாது. .22 ரைஃபிள், பெரிய பிஸ்டல், ஷாட்கன் எல்லாம் வேறு கணக்கு. அவற்றுக்கு லைசென்ஸ் உண்டு, கெடுபிடி உண்டு, காத்திருப்பு உண்டு. ஏர் கன்னில் அடிப்படை பழகியவருக்கு அந்தப் படிகள் பின்னால் தானாக வரும். அவசரம் வேண்டாம்.

லைசென்ஸ் இல்லை என்பதால் அதைப் பொம்மை என்று நினைத்துவிடக் கூடாது. பெல்லட் கண்ணில் பட்டால் பார்வை போகும். மொட்டைமாடியில் குழந்தை கையில் ஏர் கன்னைக் கொடுத்துவிட்டுக் கீழே காபி குடிக்கிற பெற்றோரை எனக்குத் தெரியும். மைனாவையும் கிளியையும் குறிவைக்கிற பையன்களையும் தெரியும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது வேட்டை, தண்டனைக்குரிய குற்றம். அருணாசலப் பிரதேசத்தில் பறவைகளைக் காப்பாற்றுவதற்காக, மக்கள் தங்கள் ஏர் கன்களைத் தாமாகவே அரசிடம் ஒப்படைக்கும் இயக்கம் 2021இல் தொடங்கியது. ஆசை இருக்கிறவர்களுக்கு இடம் சுடுதளம்தான்.

சுடாத முதல் அரை மணி

ஒரு சனிக்கிழமை காலை. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பெண், அம்மாவோடு முதன்முறையாக வந்திருக்கிறாள். பயிற்சியாளர் ஓய்வுபெற்ற போலீஸ்காரர். மேசைமேல் ஓர் ஏர் ரைஃபிள் கிடக்கிறது. உட்காரச் சொன்னார். ரைஃபிளைக் காட்டிக் கேட்டார்.

“இதுல குண்டு இருக்கா?”

“இல்ல சார்.”

“எப்படித் தெரியும்?”

அவள் அம்மாவைப் பார்த்தாள்.

“திறந்து உள்ளே பார்த்தாத்தான் தெரியும்மா. பார்க்காத வரைக்கும் இருக்குன்னே வெச்சுக்கணும். நான் பார்த்துட்டு உன் கையில குடுத்தாலும் நீயும் ஒரு தடவை பார்க்கணும்.”

இது முதல் விதி. துப்பாக்கியின் வாய் எப்போதும் இலக்கின் பக்கமே இருக்க வேண்டும் என்பது இரண்டாவது. சுடத் தயாராகும்வரை விரல் டிரிகருக்கு வெளியே, பேரலுக்கு இணையாக நீண்டிருக்க வேண்டும் என்பது மூன்றாவது. இலக்கையும் இலக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதையும் தெரிந்துகொண்டு சுட வேண்டும் என்பது நான்காவது. உலகத்தில் எந்தச் சுடுதளத்துக்குப் போனாலும் இந்த நான்கையும் ஏதோ ஒரு வடிவத்தில் சுவரில் எழுதிவைத்திருப்பார்கள்.

சொல்லிக்கொடுத்தது புரிந்தது என்று அந்தப் பெண் தலையாட்டினாள். ரைஃபிளைக் கையில் வாங்கினாள். பின்னால் அம்மா, “இங்க பாரு கண்ணு” என்று போனைத் தூக்கினார். சிரித்துக்கொண்டே திரும்பத் தொடங்கினாள். பாதி திரும்புவதற்குள் பயிற்சியாளரின் உள்ளங்கை பேரலைப் பிடித்து நிறுத்திவிட்டது. சத்தம் போடவில்லை. “முதல்ல கீழே வை. அப்புறம் திரும்பு” என்றார். அவள் முகம் சிவந்துவிட்டது. அம்மா போனைப் பைக்குள் வைத்துவிட்டார். அதன்பின் அன்று முழுவதும், யார் கூப்பிட்டாலும், அந்தப் பெண் ரைஃபிளை மேசையில் வைத்துவிட்டுத்தான் திரும்பினாள்.

புதியவர்கள் செய்கிற தவறுகளிலேயே அதிகம் நடப்பதும் அதிக ஆபத்தானதும் இதுதான். மகிழ்ச்சியில் திரும்புவது. அதனால்தான் புதியவருக்குப் பக்கத்தில், கைக்கு எட்டும் தூரத்தில், ஒருவர் நின்றே ஆக வேண்டும். ஒருவருக்கு ஒருவர். ஐந்து பேரை வரிசையாக நிறுத்திவிட்டு ஒரே பயிற்சியாளர் நடுவில் உலாத்துகிற இடத்தில் உங்கள் பிள்ளையை முதல் நாள் விடாதீர்கள்.

சுடாத நேரத்தில் பேரலுக்குள் கண்ணைப் பறிக்கும் நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் கயிறு நுழைந்திருக்கும். அதற்குப் பெயர் சேஃப்டி ஃபிளாக். துப்பாக்கி காலியாக இருக்கிறது என்பதைத் தூரத்திலிருந்தே எல்லோருக்கும் அது காட்டும். சுடுதளத்தை நடத்தும் ரேஞ்ச் ஆஃபீசர் கொடுக்கும் கட்டளைகள் நான்கு: லோட், ஸ்டார்ட், ஸ்டாப், அன்லோட். இவற்றில் ‘ஸ்டாப்’ என்பதை மட்டும் யார் வேண்டுமானாலும் சொல்லலாம். இன்றைக்கு வந்த சிறுமி சொன்னாலும் பதக்கம் வாங்கியவர் நிறுத்தியாக வேண்டும். ஏதாவது சரியில்லை என்று தோன்றினால் கத்து என்று புதியவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கேலி செய்வார்களோ என்ற தயக்கம் அவரிடம் இருக்கவே கூடாது.

நான்காவது விதிக்குத் தமிழ்நாடு கொடுத்த விலை பெரிது. 2021 டிசம்பர் கடைசியில், புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலைப் பக்கம் பாதுகாப்புப் படையினர் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தபோது, தளத்தைத் தாண்டிவந்த குண்டு ஊருக்குள் தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் பாய்ந்தது. சில நாட்களில் அவன் இறந்துபோனான். சிறிய .22 குண்டுகூட ஒன்றரை மைல்வரை போகும் என்று அதன் பெட்டியிலேயே எச்சரிக்கை அச்சிட்டிருப்பார்கள். எனவே ஒரு சுடுதளத்துக்குள் நுழைந்ததும் துப்பாக்கிகளைப் பார்க்காதீர்கள். இலக்குகளுக்குப் பின்னால் இருக்கும் சுவரை, மண்மேட்டைப் பாருங்கள். குண்டு எங்கே போய் நிற்கிறது என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் வெளியே வந்துவிடுங்கள்.

ஒரு மில்லிமீட்டர் கணக்கு

இனி சுடலாம். நல்ல பயிற்சியாளர் முதல் நாள் நிற்க வைத்துச் சுடச் சொல்லமாட்டார். நாற்காலியில் உட்கார வைப்பார். ரைஃபிளின் முன்பாகத்தை ஒரு தாங்கியிலோ மணல் மூட்டையிலோ வைப்பார். எடையைத் தாங்கும் கவலை போய்விட்டால், புதியவரின் கவனம் கண்ணிலும் விரலிலும் மட்டும் நிற்கும். சில பயிற்சியாளர்கள் வட்டமே இல்லாத வெள்ளை அட்டையைத் தொங்கவிடுவார்கள். ஸ்கோர் என்ற நினைப்பே வராது. எனக்கு மிகவும் பிடித்த முறை அது.

குறிவைப்பதில் எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. பிஸ்டலை எடுத்துக்கொள்வோம். கண்ணுக்கு அருகே பின் சைட்டில் ஒரு பள்ளம்; பேரல் நுனியில் முன் சைட்டாக ஒரு சிறு தூண். பள்ளத்தின் நடுவில் தூண் நிற்க வேண்டும்; இரண்டு பக்கமும் வெளிச்சம் ஒரே அளவு தெரிய வேண்டும்; மேல்மட்டம் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். கண்ணால் ஒரே நேரத்தில் பின் சைட், முன் சைட், பத்து மீட்டர் தள்ளியிருக்கும் அட்டை மூன்றையும் தெளிவாகப் பார்க்க முடியாது. எதைத் தெளிவாகப் பார்ப்பது?

புதியவர் அட்டையைத்தான் பார்ப்பார். அடிக்க வேண்டியது அதைத்தானே என்று தோன்றும். பார்க்க வேண்டியது முன் சைட்டை. அட்டையின் கறுப்பு மங்கலாகவே இருக்கட்டும்.

காரணம் எளிய கணக்கு. ஏர் பிஸ்டலில் இரண்டு சைட்டுகளுக்கும் இடையே சுமார் 32 சென்டிமீட்டர். கை அப்படியே ஒரு மில்லிமீட்டர் பக்கவாட்டில் ஆடி, சைட்டுகள் நேராக இருந்தால், அட்டையிலும் குண்டு ஒரு மில்லிமீட்டர்தான் விலகும். அது இன்னும் பத்துக்குள்ளேயே. ஆனால் மணிக்கட்டு மடங்கி, முன் சைட் மட்டும் ஒரு மில்லிமீட்டர் சாய்ந்தால்? பத்து மீட்டரில் அது சுமார் 31 மில்லிமீட்டர் விலகல் ஆகிவிடும். பிஸ்டல் அட்டையில் ஒவ்வொரு வளையத்துக்கும் 8 மில்லிமீட்டர் இடைவெளி. பத்து போக வேண்டிய குண்டு ஏழில் போய் விழும்.

இந்தக் கணக்கைப் புதியவருக்குத் தாளில் வரைந்து காட்டுங்கள். அவர் தோளில் இருந்த பாரம் இறங்குவது தெரியும். கை நடுங்குகிறதே என்றுதான் எல்லோரும் வெட்கப்படுகிறார்கள். நடுக்கம் எல்லோருக்கும் உண்டு. மனு பாக்கருக்கும் உண்டு. ஆடிக்கொண்டே இருக்கும் கையில் சைட்டுகளை மட்டும் நேராக வைத்திருக்கக் கற்பதுதான் பயிற்சி.

டிரிகர் அடுத்தது. ஏர் பிஸ்டலில் டிரிகரின் எடை குறைந்தபட்சம் 500 கிராம் இருக்க வேண்டும் என்பது விதி. அந்த அரை கிலோவைப் படிப்படியாக, நேராகப் பின்னோக்கி அழுத்த வேண்டும். எந்தக் கணத்தில் குண்டு புறப்படும் என்று சுடுபவருக்கே முன்கூட்டித் தெரியாத அளவுக்கு மெதுவாக. கறுப்பு வட்டம் சைட்டுக்கு மேல் வந்து உட்கார்ந்த கணத்தில், ‘இப்போ!’ என்று மனம் கத்தும். விரல் வெடுக்கென்று இழுக்கும். மணிக்கட்டும் கூடவே போகும். முடிந்தது கதை. இதைக் கண்டுபிடிக்கப் பயிற்சியாளர்களிடம் ஒரு வழி இருக்கிறது. புதியவருக்குத் தெரியாமல் குண்டு போடாத பிஸ்டலைக் கொடுப்பார்கள். அவர் இழுக்கும்போது பேரல் நுனி கீழே குதிப்பது அப்பட்டமாகத் தெரியும். பத்து வார்த்தையில் விளக்க முடியாததை அந்த ஒரு இழுப்பு விளக்கிவிடும்.

மூச்சு, எல்லோரும் நினைப்பதுபோல் தம் கட்டுவதல்ல. இரண்டு முறை ஆழ்ந்து இழுத்து, பாதி வெளியே விட்டபின் இயல்பாக வரும் இடைவெளியில் சுட வேண்டும். எட்டு நொடி தாண்டினால் கண் மங்கும், தசை நடுங்கும். தாண்டிவிட்டதா? சுடாதே. இறக்கு.

இந்த ‘இறக்கு’ என்பதைத்தான் நான் இந்த விளையாட்டின் உயிர் என்பேன். தூக்கிவிட்டோம், குறிவைத்துவிட்டோம், சுட்டுத்தான் ஆக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. 75 நிமிடத்தில் 60 குண்டு என்றால் ஒன்றுக்கு 75 நொடி. மூன்று முறை தூக்கி மூன்று முறை இறக்கி நான்காவது முறை சுடவும் நேரம் இருக்கும். தேர்வு எழுதும் வயதில் இருக்கும் ஒரு பிள்ளை, சரியில்லாத முயற்சியைக் கைவிட்டு மறுபடி தொடங்கலாம் என்று உடம்பால் கற்றுக்கொள்ளும் இடங்கள் நம் ஊரில் குறைவு. அதனால்தான் பதக்கம் கிடைக்காவிட்டாலும் பிள்ளைகள் இங்கே சில வருடமாவது வர வேண்டும் என்று சொல்கிறேன்.

மனம் அமைதியாக இருப்பது இங்கே எவ்வளவு பெரிய சாதகம் என்பதற்கு ஊக்கமருந்து விதியே சாட்சி. இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரைகளுக்குத் துப்பாக்கி சுடுதலில் தடை இருக்கிறது. 2008 பெய்ஜிங்கில் வட கொரியாவின் கிம் ஜோங் சு வாங்கிய இரண்டு பதக்கங்களும் இந்த வகை மருந்தால்தான் பறிபோயின.

முதல் நாள் இருபது முப்பது குண்டு போதும். அட்டையை அருகே இழுத்துப் பாருங்கள். ஐந்து குண்டு சுட்ட ஒருவர் அட்டையில் நடுவில் ஒரு துளை, மற்ற நான்கும் நான்கு திசையில். இன்னொருவர் அட்டையில் ஐந்து துளையும் இடதுபக்கக் கீழ் மூலையில் ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. முதலாமவர் குதிக்கிறார், இரண்டாமவர் முகம் தொங்குகிறது. நன்றாகச் சுட்டவர் இரண்டாமவர்தான். அவர் ஐந்து முறையும் ஒரே மாதிரி செய்திருக்கிறார். சைட்டின் திருகைச் சில கிளிக் திருப்பினால் அந்தக் கூட்டம் அப்படியே மையத்துக்கு வந்துவிடும். இதற்கு ‘குரூப்’ என்று பெயர். புதியவரைக் கூட்டிவந்தவர் பாராட்ட வேண்டியது குரூப்பை. பத்தை அல்ல.

கை சோரும் முன்பே நிறுத்திவிடுங்கள், இன்னும் கொஞ்சம் சுடலாமே என்ற ஆசை மிச்சம் இருக்கும்போதே. பெல்லட் ஈயம் என்பதால், கிளம்பும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் எதையும் வாயில் வைக்கக் கூடாது.

யார் வரலாம்?

உயரம், எடை, வேகம் எதுவும் இங்கே கேள்வி இல்லை. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் ஆண்களும் பெண்களும் சேர்ந்து போட்டியிட்ட ஸ்கீட் என்ற ஷாட்கன் பிரிவில் தங்கம் வென்றவர் சீனாவின் ஷாங் ஷான் என்ற பெண். உத்தரப் பிரதேசத்தின் ஜோஹ்ரி கிராமத்தில், பேத்தியைப் பயிற்சிக்கு அழைத்துப்போன சந்திரோ தோமர், 65 வயதுக்கு மேல் பிஸ்டலைக் கையில் எடுத்துப் பதக்கங்களாகக் குவித்தார். 2019இல் அவர் கதை இந்திப் படமாகவும் வந்தது. 11 வயதில் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த அவனி லெகரா, டோக்கியோ, பாரிஸ் இரண்டு பாராலிம்பிக்கிலும் ஏர் ரைஃபிளில் தங்கம் வென்றார். பிந்த்ராவின் சுயசரிதையைப் படித்துவிட்டு இந்த விளையாட்டுக்கு வந்தவர் அவர்.

பாரிஸில் ஒரு கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு, சாதாரணக் கண்ணாடியோடு சுட்டு வெள்ளி வென்ற துருக்கியின் யூசுஃப் டிகெச் படம் நம் ஊர் வாட்ஸ்அப் வரை வந்தது நினைவிருக்கும். அப்போது அவருக்கு வயது 51. கையைப் பாக்கெட்டில் விடுவது ஸ்டைலுக்கு அல்ல. உடம்பு ஆடாமல் இருப்பதற்கு. பிஸ்டல் சுடுபவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் நிற்பார்கள்.

நம்மவர்களும் இருக்கிறார்கள். கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பைத் தங்கங்களை வென்றவர். டோக்கியோ, பாரிஸ் இரண்டு ஒலிம்பிக்கிலும் ஆடியவர். புதுக்கோட்டையின் பிருத்விராஜ் தொண்டைமான் பாரிஸில் ட்ராப் என்ற ஷாட்கன் பிரிவில் பங்கேற்றார். 2022 ஜூலையில் திருச்சியில் நடந்த மாநிலப் போட்டிக்கு நடிகர் அஜித்குமார் போட்டியாளராக வந்தபோது ரைஃபிள் கிளப் வாசலில் ரசிகர்கள் திரண்டார்கள். ஊரில் அப்படி ஒரு கிளப் இருப்பதே அன்றைக்குத்தான் பலருக்குத் தெரிந்தது.

செலவைப் பற்றி ஒளிக்காமல் சொல்ல வேண்டும். போட்டித் தரத்து ஏர் ரைஃபிளும் பிஸ்டலும் இறக்குமதி. விலை லட்சங்களில் போகும். ரைஃபிள் சுடுபவருக்கு விறைப்பான ஜாக்கெட், பேன்ட், ஷூ என்று அதற்குமேலும் இருக்கிறது. இந்தச் சுமைதான் திறமையுள்ள எத்தனையோ ஏழைப் பிள்ளைகளை வாசலிலேயே நிறுத்துகிறது. அரசுப் பள்ளி மாணவர்கள் பயன்படுத்தும் வகையில் மாவட்டத்துக்கு ஒரு பத்து மீட்டர் தளமாவது வேண்டும். அதில் பொதுத் துப்பாக்கிகள் வேண்டும். பத்து மீட்டர் நீளமுள்ள ஒரு கூடம், குண்டைத் தடுக்கும் ஒரு நல்ல சுவர், பொறுப்பான ஒரு பயிற்சியாளர் இருந்தால் தொடங்கிவிடலாம். விளையாட்டுத் துறை இதைச் செய்ய வேண்டும்.

ஆனால் பழகத் தொடங்குபவருக்கு இந்த லட்சங்கள் தேவையில்லை. ஆரம்ப மாதங்களில் கிளப் துப்பாக்கியே போதும். 500 பெல்லட் கொண்ட ஒரு டப்பா, முறையாகச் சுடும் புதியவருக்குப் பல வாரம் வரும். கிளப்பில் பயிற்சியின் பெரும்பகுதி குண்டே இல்லாமல் நடப்பது. வெள்ளைச் சுவரைப் பார்த்து நின்று, சைட்டை நேராக்கி, காலித் துப்பாக்கியின் டிரிகரை அழுத்துவது. இதை டிரை ஃபயரிங் என்பார்கள். ஒலிம்பிக் வீரர்களும் தினமும் இதைச் செய்கிறார்கள்.

பிள்ளைக்கு ஆர்வம் இருக்கிறது என்று தெரிந்ததும் கடைக்குப் போய்த் துப்பாக்கி வாங்கிவிடாதீர்கள். எந்தக் கண் பலமானது, எந்தக் கைக்குப் பிடி வேண்டும், ரைஃபிளா பிஸ்டலா என்பதெல்லாம் சில மாதம் கழித்துத்தான் தெரியவரும். கண்ணை இப்போதே சோதித்துப் பார்க்கலாம். இரண்டு கைகளையும் நீட்டி, விரல்களுக்கு நடுவே ஒரு சிறு சந்து விட்டு, அதன் வழியே தூரத்தில் உள்ள ஒரு பொருளைப் பாருங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண்ணை மூடும்போது பொருள் மறைகிறதோ அதுவே உங்கள் பலமான கண். வலது கைப் பழக்கம் உள்ளவருக்கு இடது கண் பலமாக இருந்தால் முதல் நாளே பயிற்சியாளரிடம் சொல்லிவிடுங்கள்.

சென்னை, கோவை, மதுரை, திருச்சியில் ரைஃபிள் கிளப்புகள் இருக்கின்றன. மற்ற ஊர்களில் தனியார் பயிற்சி மையங்களை விசாரிக்கலாம். போகும் முன் போனில் கேளுங்கள்: புதியவர்களுக்கு எந்த நாள், உறுப்பினர் ஆகாமல் ஒரு நாள் பயிற்சி உண்டா, என்ன அடையாள அட்டை வேண்டும். ஷூ போட்டுக்கொண்டு போங்கள். கண்ணாடி அணிபவர் என்றால் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். போனதும் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்து வேடிக்கை பாருங்கள். பயிற்சியாளர் துப்பாக்கியைத் திறந்து பார்த்துவிட்டுக் கொடுக்கிறாரா, புதியவர் பக்கத்தில் நிற்கிறாரா, ‘ஸ்டாப்’ என்றதும் எல்லோரும் நிறுத்துகிறார்களா என்று கவனியுங்கள். மூன்றுக்கும் ஆம் என்றால் பிள்ளையின் பெயரைக் கொடுங்கள். உங்கள் பெயரையும் சேர்த்துக் கொடுங்கள்.